முருகேசன் நாற்காலிக்கு ஆயுத பூஜை

சக்கர நாற்காலி தள்ளுகிற உத்தியோகத்தில் என்னைப் பயமுறுத்தியவர்கள் எல்லாரும் உதவி செய்ய ஓடி வந்தவர்கள்தான். வீட்டில் ஒருவரை நாற்காலியில் வைத்துப் பார்த்துக்கொள்கிற அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் ஆஸ்பத்திரி அட்டெண்டராக இருந்தேன். கம்மாபுரத்துக்காரர் முருகேசன், நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஆள். குள்ளஞ்சாவடி கூட்ரோட்டில் லாரி மோதி வலது காலை எடுத்தாகிவிட்டது. இடது காலிலும் பலம் இல்லை. டெலிபோன் போர்டில் உட்காருகிற லைட் டியூட்டி தருவதாகப் பேச்சு. ஆனால் துணையில்லாமல் வந்து போவார் என்று ஆபீசருக்கு நம்பிக்கை வரவேண்டும். வராவிட்டால் வேலை போச்சு, கூடவே குவார்ட்டர்ஸும் போச்சு. அவரைப் பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நாலு பேர் உதவி

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று வாசலில் படி. நான் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்புவதற்குள் ஷிஃப்ட் முடிந்து வந்த நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். மைன்ஸில் மோட்டாரையே தூக்குகிறவர்கள் என் பேச்சையா கேட்பார்கள்? கை வைக்கிற கட்டையைப் பிடித்து 'ஒன், டூ, த்ரீ' என்று தூக்கினார்கள். அது கழற்றி மாட்டுகிற கட்டை. நாற்காலி ஒரு சாண் எழும்பியது, கட்டை மட்டும் அவர்கள் கையோடு வந்துவிட்டது. பின்னால் நான் பிடித்திருக்காவிட்டால் மனுஷன் மல்லாந்திருப்பார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கட்டையோடு நின்ற ஒருத்தர் சாவகாசமாகச் சொன்னார்: "இத்த முன்னயே சொல்றதுக்கு என்னா அண்ணே?"

மரியாதை

ஆபீசர் வீட்டுக்கே பார்க்க வந்தார். அவர் தலையைக் கண்டதும் முருகேசன் பழக்க தோஷத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கால் வைக்கிற பலகை மேலேயே இடது காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். பலகையில் பாரம் விழுந்தால் நாற்காலி முன்பக்கம் குப்புறக் கவிழும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர் மனைவி தனலட்சுமி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பல் தப்பியது. ஆபீசர் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்: "உக்காந்திருக்கவே மாட்டேங்கிறாரே, இவரை எப்படிங்க தனியா விடறது? ஆயுத பூஜை முடியட்டும், ஆபீசுக்கு வரச் சொல்லுங்க, கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்."

பொட்டு வைத்த சக்கரம்

ஆயுத பூஜையன்று என்னைச் சுண்டல் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிளோடு நாற்காலியையும் கழுவி, டயர் பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, சந்தனப் பொட்டு வைத்திருந்தது அந்தம்மா. அந்த நாற்காலியில் பிரேக் என்பது டயரை அழுத்துகிற ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான். எண்ணெய் டயரில் அது என்னத்தைப் பிடிக்கும்?

வாசலில் புதிதாகப் போட்ட சிமெண்ட் சரிவின் உச்சியில் முருகேசன் பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கத் தனலட்சுமி எதிரில் குனிந்தாள். நாற்காலி நகர்ந்தது. ரோட்டில் ஷிஃப்ட் பஸ் திரும்புகிற சத்தம். "ஏய், ஒதுங்கு" என்றார் முருகேசன். அவள் ஒதுங்கினாள். நான் ஓடினேன், கைக்கு எட்டவில்லை. இரண்டு சக்கரத்தையும் பிடித்துப் பார்த்தார், வழுக்கியது. டயருக்கு வெளியே எண்ணெய் படாமல் இருந்த இடது கை வளையத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தார். நாற்காலி திரும்பிப்போய்ச் செம்பருத்தி வேலியில் மோதி நின்றது. பஸ் போய்விட்டது. பயம் போனதும் கோபம் வந்தது. பிரேக் பிடிக்கிற டயரில் எண்ணெய் தடவுவார்களா என்று கத்தினேன். தனலட்சுமி அழுதுகொண்டே கேட்டாள்: "எல்லா வண்டிக்கும்தான பூஜ, இத்த மட்டும் வுட்டா சாமி கோச்சிக்காதா?"

உள்ளங்கை

அடுத்த வாரம் ஆபீசில் என்னைக் கதவோரமே நிற்கச் சொல்லிவிட்டார்கள். முருகேசன் தானே உருட்டிக்கொண்டு போனார். பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கி, டெலிபோன் நாற்காலிக்குத் தானே நகர்ந்து உட்கார்ந்தார். தோல் உரிந்த உள்ளங்கையைப் பார்த்து என்னவென்று ஆபீசர் கேட்டார். "வண்டி ஓடிச்சிங்க. பிரேக் நிறுத்தல, நான் நிறுத்தனேன்" என்றார் முருகேசன். ஆபீசர் டியூட்டி நோட்டை இழுத்து அவர் பேரை எழுதினார். அப்புறம் சொன்னார்: "திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். யாரும் தள்ளிகிட்டு வர வேணாம்."

தள்ளுவதற்குச் சம்பளம் வாங்கிய எனக்கு, என் வேலை இனி வேண்டாம் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டுக் கண் கலங்கியது அன்றைக்குத்தான்.