மாடியில் இன்று என்ன பூ?

மலிகாவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. கீழக்கரையில் அவளுடைய தெருப் பெண்கள் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுத் தேநீரோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும் நேரத்தில், அவள் மொட்டை மாடியில் தொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பாள். வெயில் நகர நகரத் தொட்டியும் நகரும். காலையில் கிழக்குச் சுவரோரம் இருந்த ரோஜா மதியத்துக்குள் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு வந்துவிடும். மாலையில் திரும்பப் போகும்.

அடுத்த மாடியில் துணி காயப்போடும் மர்ஜானா எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். “லாத்தா, உங்க கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு? இப்படிச் சுத்துனா செடிக்கே மயக்கம் வந்துரும்.”

இந்தப் பங்குனியில் அந்தச் சக்கரம் நிற்கவே இல்லை. கத்தாரில் கம்பெனி பஸ் ஓட்டும் கணவர் ஹசன் அலி விடுப்பில் வரப்போகிறார். வழக்கமாக அவருக்கு ஆடியில்தான் விடுப்பு கிடைக்கும். ஆடியில் கீழக்கரை மாடியில் என்ன நிற்கும்? காற்று புழுதியையும் கடல் உப்பையும் சேர்த்து வீசி இலையையெல்லாம் முறுக்கிப் போட்டுவிடும். வெயிலுக்கு அஞ்சாத பத்துமணிப்பூ மட்டும் தரையோடு தரையாகப் பூத்துக் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் மனிதர் மாடி ஏறிக் காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, உன் செடியெல்லாம் போன்ல மட்டுந்தான் பூக்குமா?” என்று கேட்டுவிட்டு இறங்குவார்.

போனில் பூத்தது உண்மைதான். விடிந்ததும் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பாமல் மலிகாவுக்குப் பொழுது தொடங்காது. கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் டிசம்பர் பூ ஊதாவாக விரியும். காம்பைத் தொட்டால் உதிரும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பாள். தையில் செவ்வந்தி, ஒரு செடியில் மடிகொள்ளாத பூ. மாசியில் பன்னீர் ரோஜா. அது பிடிவாதக்காரி, ஒன்று பூத்தால் அடுத்ததுக்கு ஒரு வாரம் காக்கவைக்கும். சித்திரையில் குண்டுமல்லி. வைகாசியில் எல்லாம் வாடும்போது காகிதப்பூ மட்டும் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் சிவந்து தொங்கும்.

படம் எடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. கருகிய இலை இருந்தால் விரலால் மறைத்துக்கொள்வாள். மாவுப்பூச்சி பிடித்த தொட்டியைக் காலால் ஒதுக்கிவிடுவாள். செத்துப்போன செடி எந்தப் படத்திலும் இருக்காது. அங்கே கத்தாரில் அவர் அறையில் ஆறு பேர். அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றழைக்கும் தேவிபட்டினத்துப் பர்வேஸ் காலையில் பல் விளக்கும் முன்னே, “காக்கா, மாடியில இன்னைக்கு என்ன பூ?” என்று கேட்பானாம். ஹசன் அலி பெருமையாகப் போனை நீட்டுவாராம்.

நோன்பு தொடங்கும் முன் ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: “இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. ஊருக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்னு நிக்க வச்சிருக்கேன்.”

மலிகா “ம்” என்றாள். மகள் லாமியா கல்யாணமாகி மாப்பிள்ளையோடு துபாயில் இருக்கிறாள். வீட்டில் மலிகா ஒருத்தி. போட வேண்டாம் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. இத்தனை வருசத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை, இப்போதும் வரவில்லை. போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இந்தத் தடவை அவர் வருவது ஆடியில் இல்லை. மல்லிகை விரியும் மாலையில் அந்த மனிதரை இங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் போதும், மற்றதை வாசம் பார்த்துக்கொள்ளும் என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்துதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவளுடைய மல்லிகை தங்கச்சிமடத்திலிருந்து வாங்கிவந்த நாற்று. தண்ணீர் காட்டாமல் கொஞ்சநாள் வாடவிட்டு, இலையை உருவி, கொம்பை வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் விட்டால் ஒன்றரை மாதத்தில் மொக்கு கட்டும். பெருநாளுக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதை நம்பி, நாளைப் பின்னோக்கி எண்ணிக் கத்தரியை எடுத்தாள். பாதித் தொட்டிகளைத்தான் வெட்டினாள். கம்பெனிக்காரன் சொல்லை முழுசாக நம்பக் கூடாது என்பது அவள் அனுபவம்.

அதுதான் நடந்தது. மாற்று டிரைவர் வந்து சேரவில்லை, பயணம் தள்ளிப்போனது. நோன்புப் பெருநாளன்று முதல் வரிசை பூத்துக் கொட்டியது. பூவைத் தொடுத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். மதியம் கண்ணாடி பார்க்கும்போதுதான் தன் தலையில் பூ வைக்க மறந்தது தெரிந்தது.

புதுத் தேதி தெரிந்த அன்றே மறுபாதியை வெட்டினாள். அதில் மொக்கு வந்தபோது பயணம் இன்னும் ஒரு வாரம் தள்ளியது. விரியத் துடிக்கிற மொக்கை எப்படி நிறுத்துவது? தொட்டிகளைத் தூக்கி மாடிப்படி நிழலில் வைத்தாள். நிழல் கூடினால் மொக்கு பழுத்து உதிரும் என்று பயந்து வெயிலுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி நிழலுக்கு.

“லாத்தா, பிள்ளைப்பேறு வார்டு நர்ஸ் கெட்டாங்க போங்க” என்றாள் மர்ஜானா. “மச்சான் வந்தா உங்களப் பார்ப்பாகளா, செடியப் பார்ப்பாகளா?”

“மொதல்ல வரட்டும்டி.”

மாடியில் ஒரு குழாய் உண்டு. மூன்று வருசத்துக்கு முன் கடைசியாக வந்திருந்தபோது ஹசன் அலி போட்ட ஆழ்குழாய்க் கிணற்றின் குழாய் அது. இந்தத் தெருவில் யாருக்கும் வாய்க்காத நல்ல தண்ணீர் அவருக்கு வாய்த்தது. முதலில் வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்து, அதிலேயே சர்பத் கரைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். அடுத்த வருசமே அது உப்பாகிவிட்டது. சோப்பு நுரைக்காத, துணியில் வெள்ளை பூக்கிற உப்பு. போனில் அவர் கேட்கும்போதெல்லாம், “நல்லாத்தான் இருக்கு” என்று மலிகா சொல்லிவந்தாள். தெரியாமல் யாரும் திறந்து செடிக்கு விட்டுவிடக் கூடாதென்று மாடிக் குழாயில் ஒரு சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டிவைத்தாள். செடிகள் பிழைத்தது அரிசி களைந்த தண்ணீரில், மர்ஜானா வீட்டு ஏசி சொட்டுகிற வாளியில், நல்ல தண்ணி வண்டியில் பிடித்துச் சுமந்த குடங்களில்.

அவர் வருகிற நாள். மொக்குகள் மறுநாள் மாலைக்குத் தயாராக நின்றன. மலிகா காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாக்கினாள். அவர் குளிக்கும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பினாள். வந்ததும் வராததுமாக உப்பு விஷயம் வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்ளலாம். மாடியைக் கூட்டினாள், காய்ந்த சருகைப் பொறுக்கினாள், கைப்பிடிச் சுவரைத் துடைத்தாள். வெளிறிப்போன ஒரு அழுக்குத் துணி குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதையும் அவிழ்த்துக் குப்பையோடு போட்டாள்.

மதுரையிலிருந்து கார் வந்து நின்றபோது அந்தி மஃரிபு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெட்டி ஒன்று, அடையாளத்துக்குப் பச்சை ரிப்பன் கட்டியது. ஹசன் அலி இளைத்திருந்தார். குளித்து, சாப்பிட்டு, “எங்க உன் பூவெல்லாம்?” என்று கேட்டுக்கொண்டே கண்ணயரத் தொடங்கினார்.

“நாளைக்குச் சாயங்காலம் பாருங்க. அப்பத்தான் விரியும்.”

மறுநாள் விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பியது அவளுக்குத் தெரியும். அடுப்பில் ஆப்பச்சட்டி இருந்தது. வெந்துகொண்டிருந்த ஆப்பத்தின் ஓரம் முறுகும் நேரத்தில் பின்கட்டில் மோட்டார் உறுமியது. இந்நேரத்தில் மோட்டாரை யார் போட்டது? மாடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். மலிகா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் படியில் பாய்ந்தாள்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஓஸ் பைப்போடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார் ஹசன் அலி. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. இலையெல்லாம் சொட்டியது.

“நிப்பாட்டுங்க! மச்சான், நிப்பாட்டுங்க!”

“என்ன புள்ள, பதறுற? பாலைவனத்துல கெடந்த ஆளு, பச்சையக் கண்டா கை சும்மா இருக்குமா? எல்லாத்துக்கும் வயிறு முட்ட ஊத்திட்டேன்.”

அவள் குழாயைத் திருகி மூடினாள். “இது உப்பு.”

“எது?”

“தண்ணி. உங்க போர் தண்ணி உப்பாயிருச்சு.”

அவர் நம்பாமல் பைப்பில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்தார். துப்பினார். “எப்ப இருந்து?”

“ரெண்டு வருசமா.”

“போன வாரங்கூடக் கேட்டேன். நல்லா இருக்குன்னு சொன்ன.”

“தெருவுக்கே சர்பத் கரைச்சுக் குடுத்தீகளே. அந்த வாயில போயி இத எப்படிச் சொல்றது?”

ஹசன் அலி குழாயைப் பார்த்தார், பிறகு தொட்டிகளை. “அப்ப இதெல்லாம் செத்துப்போகுமா?”

“பேசிக்கிட்டு நிக்காதீக. வேர்ல நிக்கிற உப்ப நல்ல தண்ணி விட்டுக் கீழ தள்ளணும். இப்பவே. வெயில் ஏறுனா இலை கருகிரும்.”

முதலில் குளியலறை டிரம் காலியானது. பிறகு குடிதண்ணீர்க் குடங்கள். தொட்டியின் அடியில் வழிகிற வரை ஊற்றி, இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். கீழே ஆப்பம் கரிந்த வாடை தெருவரை போனது. சத்தம் கேட்டு வந்த மர்ஜானா இரண்டு வாளி ஏசித் தண்ணீரைச் சுவருக்கு மேலாக நீட்டினாள்.

“என்ன மச்சான், கத்தார்ல பஸ் ஓட்டுனீகளா, இல்ல டேங்கர் ஓட்டுனீகளா?”

“நீயும் சொல்லு தாயி, சொல்லு.”

நல்ல தண்ணி வண்டியின் ஹாரன் கேட்டதும் ஹசன் அலி இரண்டு குடங்களோடு ஓடினார். பெண்கள் வரிசையில் ஓர் ஆண் கைலியை மடித்துக்கட்டி நிற்பதைப் பார்த்து முக்காட்டுக்குள் சிரிப்பு பரவியது. “மாப்பிள்ளைய முன்னாடி விடுங்க, அவசரமாம்” என்று யாரோ வழிவிட்டார்கள்.

மூன்றாவது நடையில் மூச்சு வாங்கிக்கொண்டு படியில் நின்று கேட்டார்: “எனக்கு அனுப்பாதது இன்னும் என்னென்ன இருக்கு?”

மலிகா தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். பன்னீர் ரோஜா முதலில் வாங்கியது செத்து இது மூன்றாவது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தே கை நாறிப்போனது. போன ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது.

“ஏமாத்திருச்சா? டிசம்பர் பூ அனுப்புனியே.”

“ஒரே ஒரு மழை. அதுக்குப் பூத்தது.”

“அப்ப அந்த அடுக்குச் செம்பருத்தி? செவப்பா, தட்டு அகலத்துக்கு?”

மலிகா மர்ஜானாவின் மாடியைப் பார்த்தாள். “அது இவ வீட்டுது.”

“அடிப்பாவி! அத நான் சூப்பர்வைசர்கிட்டக்கூடக் காமிச்சேனே!”

மர்ஜானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலிகாவும் சிரித்துக்கொண்டே அடுத்த தொட்டிக்குக் குனிந்தாள்.

மாலை வந்தது. அவள் நினைத்திருந்த மாலை. நாற்காலியும் போட்டிருந்தாள். மொக்கில் கால்வாசி விரிந்தது. மற்றவை காம்பில் பழுப்பேறித் தலை சாய்ந்துவிட்டன. கிடைத்த வாசம் காற்றில் நிற்கவில்லை. ஹசன் அலி நாற்காலியில் உட்காராமல், தொட்டி தொட்டியாகக் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். மலிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லிகை சொல்லவேண்டியதைச் சொல்லிற்றா என்று தெரியவில்லை.

“மிச்சம் எப்ப சரியாகும்?” என்று மட்டும் கேட்டார்.

“உப்பு முழுசாப் போகணும்னா ஐப்பசி மழை வரணும். அதுவரைக்கும் இப்படித்தான், சுமந்து ஊத்தணும்.”

“மழை வரலைன்னா?”

“அதுக்கும் சுமக்கணும்.”

அவர் காலிக் குடங்களை எடுத்துப் படியருகே வைத்தார்.

நான்கைந்து நாள் போனது. இலை ஓரமெல்லாம் நெருப்பு நக்கினதுபோலக் கருகிவிட்டது. அடித்தண்டில் மட்டும் பச்சை இருந்தது. தண்ணி வண்டிக்கு அவர்தான் போனார். கையெழுத்துப் பேச்சை எடுக்கவில்லை. மலிகாவும் கேட்கவில்லை; கேட்காமலிருக்க முடியாமல் தொட்டிகளை இங்கும் அங்கும் நகர்த்தினாள்.

ஒருநாள் காலை, அவர் வைத்துவிட்டுப் போயிருந்த போனில் பர்வேஸின் குரல் பதிவு வந்திருந்தது. மலிகா மாடியில் நின்று கேட்டாள். “காக்கா, சூப்பர்வைசர் சத்தம் போடுறாரு. கையெழுத்து என்னாச்சுன்னு இன்னைக்கே சொல்லணுமாம். அப்புறம், பூப் படத்தையே காணோமே? மாடியில இன்னைக்கு என்ன பூ?”

ஹசன் அலி குடத்தோடு மேலே வந்தார். அவரும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

“என்ன சொல்லட்டும்?” என்றாள்.

“பூவக் கேக்குறான்ல. மொதல்ல அதச் சொல்லு.”

அவள் கருகிய மல்லிகைக்கு நேராகப் போனைப் பிடித்தாள். பழக்கத்தில் விரல் இலையை மறைக்க முன்னே போனது. இழுத்துக்கொண்டாள். படம் போனது.

உடனே பதில் வந்தது. “இது என்ன பூ காக்கா?”

“கையெழுத்துக்கு?” என்று மலிகா மறுபடி கேட்டாள்.

ஹசன் அலி குடத்தைச் சாய்த்து ஒரு தொட்டிக்கு நிதானமாக ஊற்றி முடித்தார். “ஐப்பசிக்கு அப்புறம் கேக்கச் சொல்லு.”

“கம்பெனி அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?”

“இருக்காது” என்றார். தெருவில் ஹாரன் அடித்தது. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே பர்வேஸுக்குச் சொல்லிவிட்டு மலிகா திரும்பினாள். அப்போதுதான் குழாயைக் கவனித்தாள். அதன் கழுத்தில், பெட்டியில் கட்டியிருந்த பச்சை ரிப்பன் சுற்றிச் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது. எப்போது கட்டினார்? இழுத்துப் பார்த்தாள். முடிச்சு அசையவில்லை.

“மலிகா, இன்னொரு குடம் கொண்டா! வண்டி கெளம்பிரும்!” என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. அவள் குடத்தைத் தேடி ஓடினாள்.