குகன் அண்ணையின் சப்பாத்தும் கூரையில்லாத கோட்டையும்

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. ஜெர்மனியின் வால்டோர்ஃபில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குகன் அண்ணைக்கு மறுநாள் மகள் கல்யாணம். பெண்ணின் அப்பா எதற்குக் கோட்டைக்கு வந்தார் என்று கேட்காதீர்கள். "தம்பி, இந்த மனுசனை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. இங்க நிண்டா ஒரு வேலையும் நடக்காது" என்று அவர் மனைவி ராணி அக்காதான் தள்ளிவிட்டார்.

அண்ணை வரவேற்புக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு காரில் ஏறினார். நமக்கு ஷூ, அவருக்குச் சப்பாத்து. "கடிக்குது தம்பி. மலை ஏறி இறங்கினா சரிவரும்."

ஓடன்வால்ட் மலையடிவாரம் வரை 48 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பார்க்கிங் மூன்று யூரோ, கோட்டைக்கு டிக்கெட் இல்லை. பிறகு 1.4 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. எனக்கு முப்பது நிமிடம். அண்ணைக்கு, முனகல் உட்பட, ஐம்பது. மேலே கூரையில்லாத மதில், பாதிக் கோபுரம், பாசி பிடித்த கிணறு. "இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார்.

உள்ளே சின்னதாக ஒரு மாதா சிற்றாலயம். மெழுகுவர்த்தி எரிவதைக் கண்டதும் இருவரும் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனோம். கை தன்னால் போகிறது, என்ன செய்ய! கும்பிட்டுவிட்டு, பின்வாசல் வழியே கோபுரமும் பார்த்து இருபது நிமிடத்தில் திரும்பினால், வாசல் காலி.

"ஐயோ, என்ர சப்பாத்து! நாளைக்கு என்னத்தைப் போடுறது? ராணி என்னை உயிரோட விடமாட்டா!"

வெறுங்காலோடு இறங்கினோம். பத்தடிக்கு ஒருமுறை முருகனைக் கூப்பிட்டார். கீழே பார்க்கிங் வேலியில் இரண்டு ஜோடியும் அழகாகத் தொங்கின. வழியில் கிடக்கும் பொருளை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்பது இந்த ஊர் வழக்கம். "யாரோ மறந்துவிட்டார்கள், நாங்கள்தான் தூக்கி வந்தோம்" என்று ஒரு வயதான ஜெர்மன் தம்பதி பெருமையாகச் சொன்னார்கள். அண்ணை "டாங்கே, டாங்கே" என்று நன்றி சொல்லிச் சிரித்துவிட்டு என்னிடம், "நாசமாப்போன நல்ல மனுசர்" என்றார். கொப்புளம் போட்ட அவர் கால் ஷூவுக்குள் போகவே இல்லை.

போகிறவர்களுக்கு: மேலே குடிநீரும் இல்லை, கழிவறையும் இல்லை. பழைய ஷூ போடுங்கள். கழற்றினால் கையிலேயே வைத்திருங்கள். கோட்டையின் பெயரை எழுதக் கூடாது என்பது அண்ணையின் உத்தரவு.

மறுநாள் வரவேற்பில் கோட்டும் டையுமாக, வெறுங்காலோடு அண்ணை வாசலில் நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம், "மகளுக்காக ஒரு நேர்த்திக்கடன்" என்றார். ஒரு மாமிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற ராணி அக்கா முகம் மாறாமல் சொன்னார்: "ஓம் மாமி. இன்னும் நாப்பது நாளைக்குச் சப்பாத்துப் போடமாட்டார். மச்ச மாமிசமும் தொடமாட்டார்."