ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை

வங்கி வேலை கிடைத்த நாளிலிருந்து நான் மெட்ரோவில்தான் போய்வருகிறேன். ஏசி இருக்கிறது, புடவை கசங்காமல் போய்ச் சேரலாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அதில் பெருமைகூட. உண்மை வேறு. மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் ஓர் அக்கா வருவார். அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கம். அதனால்தான் வண்டியை மாற்றினேன்.

அதற்கு முன்னால் இரண்டு வருடம் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து மாலைவரை கண்டெய்னர் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை. நான் திருவொற்றியூரில் ஏறுவேன். அக்கா எனக்கு முன்பே கத்திவாக்கத்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஏதோ ஜெபம் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். தேதிக் காலண்டரில் கிழித்த தாள். பின்பக்கம் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகள்.

"இன்னா எட்டிப் பாக்குற? நீயும் பேங்க் எக்ஸாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப இப்டி வா, உக்காரு" என்று பக்கத்துச் சீட்டிலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சீட் என்னுடையது.

அக்கா பிராட்வேயில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நாற்காலி முதலாளிக்கு மட்டும்தான். ஆள் வராத நேரத்தில் உட்காரலாம் என்று பேச்சு, ஆனால் ஆள் வராத நேரம் என்று ஒன்று அந்தக் கடையில் இருந்ததில்லை. சாயங்கால வண்டியில் பார்த்தால் அவர் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். "எனக்கு மேனேஜர் ஆவணும்லாம் ஆச இல்லமா. சுத்துற சேர் ஒண்ணு. அதுல உக்காந்து பாக்குற வேல. அவ்ளோதான்" என்பார். வங்கித் தேர்வு எழுத அவருக்கு இரண்டே வருடம்தான் வயது மிச்சமிருந்தது.

கணக்கெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இங்கிலீஷ்தான் இடித்தது. எனக்கும் அதே. ஆளுக்கு ஐந்து வார்த்தை தினமும் கொண்டுவருவது, காலையில் அவருடையது, சாயங்காலம் என்னுடையது என்று பேசிக்கொண்டோம். ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பும்போது வார்த்தையைச் சொன்னால், அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அது மனசில் ஏறியிருக்க வேண்டும். கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சரக்கு வண்டிக்காக எங்கள் வண்டியை நிறுத்திப்போட்டால் அன்றைக்குக் கூடுதலாக ஒன்று.

மனப்பாடம் செய்வதில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை. பெட்டிக்குள்ளேயே வார்த்தைக்கு ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் அது மண்டையில் நிற்கும் என்பார். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆளுக்கு இடம்விட மனமில்லாமல், ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டுப் பெரிதாக மூச்சுவிடும் டீச்சர்தான் 'ரிலக்டன்ட்'. ஒரு முழப் பூவை நறுக்கி இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி வைக்கும் நர்ஸ் 'ஃப்ரூகல்'. வாசலோரம் கூடையோடு உட்கார்ந்து, தலைகீழாக நின்றாலும் ஐந்து ரூபாய் குறைக்காத பூக்காரம்மா 'ஆப்ஸ்டினேட்'. வண்டி நடுவழியில் நிற்பதற்கு 'டீடியஸ்' என்று வைத்தோம். அதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை, வண்டிக்கே கொடுத்துவிட்டோம்.

இப்படிப் பட்டப்பெயர் வாங்கியவர்களுக்கும் விஷயம் தெரியவந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பூக்காரம்மா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் இன்னாமா? சொல்லு. ஆப்ஸ்டினேட்டா? நல்லாத்தான் கீது."

எனக்கும் ஒரு வார்த்தை வந்தது. ஆரம்பத்தில் ஒருநாள் ஐந்துக்குப் பதில் எட்டு வார்த்தை கொண்டுபோனேன். அக்கா தாளை உயர்த்தி மொத்தப் பெட்டிக்கும் காட்டினார். "இந்தாங்க, ஜெனரஸுக்கு ஆள் கெட்சிடுச்சு. அஞ்சு கேட்டா எட்டு குட்த்துகினு கீறா." அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயராகிவிட்டது. "ஜெனரஸ், கொஞ்சம் நவுரு." "ஜெனரஸ், அந்தப் பையப் புடி." தாராள மனசு. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

முதல் வருடம் இரண்டு பேருமே தேறவில்லை. அக்காவுக்கு என்னைவிட மார்க் அதிகம். "உட்றா, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. அவர் ஒரு ஸ்டேஷனில் பிடிக்கும் வார்த்தையை நான் ராத்திரி மூன்று முறை எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. நின்றுகொண்டே பில் போடுகிற ஒருவர், காலண்டர் தாளை வைத்துக்கொண்டு என்னை முந்திவிட்டார் என்பது எனக்குச் செரிக்கவில்லை.

இரண்டாவது வருடம் நான் காசு கட்டி ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். அக்காவுக்கு சனிக்கிழமை கடை உண்டு, அதனால் வர முடியாது. அங்கே முதல் மாதமே ஒரு தாள்கட்டுக் கொடுத்தார்கள். இருபது பக்கம். அந்தத் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தைகள், பக்கத்திலேயே தமிழில் பொருள். மேலே எங்கள் பேட்சும் மாதமும் அச்சடித்திருந்தது. வெளியே கொடுக்காதீர்கள் என்று சார் சொன்னார். எல்லா வகுப்பிலும் சொல்கிற பேச்சு அது. வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே தோழிகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். நான் மட்டும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை வண்டியில் அக்கா கேட்டார். "கிளாஸ்ல வார்த்த லிஸ்ட்டு ஏதாச்சும் குட்த்தாங்களாமா?"

"இல்லக்கா. இப்ப கணக்கு மட்டும்தான் நடத்துறாங்க."

அந்தக் கட்டு அப்போது என் மடியில், பைக்குள், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. அக்காவின் முழங்கை அந்தப் பையின்மேல்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் தினமும் ஐந்து வார்த்தை கொண்டுபோனேன். வெறுங்கையோடு போனால் சந்தேகம் வருமே. பழைய புத்தகங்களிலிருந்து சுலபமானதாகப் பார்த்துப் பொறுக்குவேன். பட்டியலில் இருக்கிற வார்த்தை தவறிக்கூட வந்துவிடக்கூடாது என்று ஒத்துப் பார்ப்பேன். படிப்பதற்குச் செலவிட்டதைவிட இதற்குச் செலவிட்ட நேரம் அதிகம் என்று சொன்னால் சிரிப்பு வருமோ என்னவோ, எனக்கு வரவில்லை. அக்காவோ பேப்பரில் பார்த்தது, கடையில் பார்சல் பெட்டிமேல் பார்த்தது என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுவந்து கொட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரே பரீட்சை, ஒரே மாநிலம், இருக்கிற இடம் கொஞ்சம், அவர் தேறினால் என் இடம் போய்விடும் என்று பயம். ஒரு பேச்சுக்கு அதைச் சொல்லலாம். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுகிற பரீட்சையில் அவர் ஒருவர் தோற்பதால் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது? அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியும். அது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பிரயோஜனமில்லை.

மெயின்ஸ் தேர்வு இரண்டு பேருக்கும் ஒரே சென்டரில் வந்தது. திரையில் இங்கிலீஷ் பகுதி திறந்ததும் கோடிட்ட இடங்களோடு ஒரு பத்தி. மூன்று இடங்களுக்கு வேண்டியது என் பட்டியலிலிருந்த வார்த்தைகள். அதில் ஒன்று 'அலீவியேட்', வலியைக் குறைப்பது. கண் இமைக்கும் நேரத்தில் போட்டேன். இன்னொரு கேள்வியில் 'ஃப்ரூகல்' வந்தது. அரை முழப் பூ கண்முன்னால் வந்து நின்றது. அந்த மார்க் அக்கா கொடுத்தது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அலீவியேட்னா இன்னாமா? அது ரெண்டு மூணு தபா சுத்தி சுத்தி வந்துகினே இருந்துச்சு."

"எனக்கும் தெரியலக்கா. குத்துமதிப்பா ஒண்ணு போட்டேன்."

பரீட்சை முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னாலும் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்போதும் பொய்தான் வாயில் வந்தது.

நான் தேறினேன். அக்காவுக்கு முக்கால் மார்க் குறைந்தது. ஒரே ஒரு கேள்வி. அத்தோடு அவருக்குத் தேர்வு எழுதும் வயது முடிந்தது.

ரிசல்ட் வந்த மறுநாள் அக்கா ஒரு பெட்டி ஜாங்கிரியோடு ஏறினார். அவர்தான் வாங்கியிருந்தார், நான் இல்லை. டீச்சருக்கு, நர்ஸுக்கு, பூக்காரம்மாவுக்கு எல்லாம் கொடுத்தார். "நம்ம ஜெனரஸ் பாஸாயிட்சு. இவ குட்த்த வார்த்தைலதான் நானே அவ்ளோ கிட்ட வந்தேன். இல்லாங்காட்டி எனக்கு இன்னா தெரியும்?" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜாங்கிரியைத் தின்றேன். அந்த மாதமே மெட்ரோவுக்கு மாறினேன்.

மண்ணடிப் பக்கம் ஒரு கிளையில் போட்டார்கள். சுழலும் நாற்காலி, கறுப்பு நிறம். உட்கார்ந்ததும் பழகிவிடும் என்று நினைத்தேன்.

போன மாதம் பூக்காரம்மா என் கவுன்ட்டருக்கு வந்தார். அங்கே என்னைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கணக்குத் தொடங்க வேண்டுமாம். படிவத்தை நீட்டினேன். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து மடித்த காலண்டர் தாள் ஒன்றைப் பிரித்தார். அக்காவின் கையெழுத்து. டெபாசிட், வித்ட்ராயல், நாமினி, பேலன்ஸ். பக்கத்தில் தமிழில் பொருள்.

"அந்த அக்காதான் சொல்லிக் குட்த்துச்சு. இப்ப எங்களுக்குத் தெனம் ஒரு வார்த்த. ஆஸ்பத்திரிக்கு, பேங்குக்கு, ரேஷன் ஆபீஸுக்குன்னு தனித்தனியா எய்திக் குடுக்குது. நீ ஏன்மா வர்றதே இல்ல? உன்னப் பத்தி டெய்லி பேசுது. அவ சேர்ல உக்காந்துட்டா, அது போதும்னு."

நாமினி என்ற இடத்தைத் தானே விரலால் தொட்டுக் காட்டி, மகள் பெயரை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பூக்காரம்மா போனபிறகு அந்த நாற்காலியில் உட்கார முள்ளாக இருந்தது.

மறுநாள் அந்தத் தாள்கட்டை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறினேன். தைரியமாகப் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. வீட்டிலேயே முதல் பக்கத்தின் மேற்பகுதியைப் பேட்சும் மாதமும் தெரியாதபடி பின்னால் மடித்து, நகத்தால் அழுத்திவிட்டுத்தான் போனேன். இப்போதுதான் எங்கேயோ கிடைத்தது, பெட்டியில் படிக்கிறவர்களுக்கு உதவும் என்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

அக்கா என்னைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சீட் காலியாகத்தான் இருந்தது.

"இந்தாங்கக்கா" என்று கட்டை நீட்டினேன். ஆசையாக வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது டீச்சர். இது நர்ஸு" என்று விரலை வைத்துக்கொண்டே போனார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. அலீவியேட். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, காகிதம் மடங்கியிருக்கிறதே என்று அதை நிமிர்த்தி உள்ளங்கையால் நீவினார். நீவின கை அந்த மாதத்தின்மேல் நின்றது.

கொருக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் கண்டெய்னர் வண்டி போகத் தொடங்கியது.

"இது அப்பவே குட்த்ததா?"

"ஆமாக்கா."

"நான் கேட்டப்போ உன்கைல இருந்துச்சா?"

"பையில இருந்துச்சுக்கா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அழுதாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். கண்டெய்னர் வண்டி முழுசாகப் போய் முடிந்தது. எங்கள் வண்டி கிளம்பியது. கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம். மூன்று ஸ்டேஷனுக்கும் வார்த்தை இல்லை.

பீச் வந்ததும் அக்கா கட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இங்க பரிட்ச எய்துற பொண்ணுங்க ரெண்டு கீது. அதுங்களுக்கு ஆவும்" என்று எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலைப் பார்த்து இறக்கிவைத்தார். பிளாட்பாரத்தில் நின்று, எழாமல் உட்கார்ந்திருந்த என்னை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, வழக்கமான குரல்தான்.

"ஜெனரஸுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்கிறேன்மா."