முழு மார்க் வாங்கிய நெஞ்சு

சோபாக்காரரால் வாயில் ஆணி வைத்துக்கொள்ள முடியாமல் போய் நான்கு மாதமாகிறது. அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை, ஆணிக்கு வாய்தான். முப்பது வருடமாக உதட்டிடுக்கில் பத்துப் பன்னிரண்டு ஆணிகளை வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசியவர். இப்போது மூச்சு விடுவதற்கே வாய் போதவில்லை. அவர் மனைவி உறை தைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுக்கிறாள்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவர் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த வால்வு போடும் சத்தத்துக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இருந்த மவுசே தனி. அவ்வளவு தெளிவான சத்தம் லேசில் கிடைக்காதாம். வருடாவருடம் மாணவர்களுக்குப் பரீட்சை வந்துவிட்டால் வார்டின் சின்ன டாக்டர் போன் போட்டுவிடுவார். "அண்ணே, வந்துடுங்க. நீங்க இல்லாம பரீட்சையா?"

இவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவார். போனதும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு இருபதாம் நம்பர் கட்டிலில் உட்கார வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் பத்து மாணவர்கள் வந்து தட்டுவார்கள், அமுக்குவார்கள், கேட்பார்கள். முழி பிதுங்கி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் இவருக்கு மனசு கேட்காது. பரீட்சை வைப்பவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கிசுகிசுப்பார். "தம்பி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு. இப்ப கேளு. மிட்ரல் வால்வு, சுருக்கம். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

பாதி டாக்டர்கள் தன் நெஞ்சைக் கேட்டுத்தான் பாஸானார்கள் என்று கடையில் பீற்றிக்கொள்வார். அங்கேதான் அந்த அப்பாவி மனிதர் ஏமாந்தார். இத்தனை பேர் காது வைத்துக் கேட்கிறார்களே, அப்படியானால் நமக்கு வைத்தியம் நடக்கிறது என்று நம்பிவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் மார்க்குக்காகக் கேட்டார்கள். ஆபரேஷன் வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே அவர் சீட்டில் எழுதியாயிற்று. "நல்ல கேஸ், பரீட்சை முடியட்டும்" என்று ஒவ்வொரு வருடமும் பெரிய டாக்டர் தள்ளிப் போட்டார். பரீட்சை முடிந்ததும் இவரைச் சௌகரியமாக மறந்தும் போனார். நல்ல கேஸாம்! இதைக் கேட்டால் யாருக்கு வயிறு எரியாது?

இந்த வருடம் பரீட்சைக்கு முந்தின நாள், மாத்திரை அட்டையில் இரண்டு நாள் மாத்திரை அப்படியே இருப்பதை மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? நீர் பிரியற மாத்திரைய ஏன் போடல?"

"சின்ன டாக்டர்தான் நிறுத்தச் சொன்னாரு. கால் வீங்கியிருந்தா பசங்களுக்கு நல்லாத் தெரியுமாம்."

"வீங்கட்டும்னு சொன்னாங்களா? நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்தீங்களா?"

அவர் தன் காலைப் பார்த்தார். விரலால் அமுக்கிய இடம் குழியாக நின்றது. முதல் தடவையாக அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளும் கூடவே கிளம்பினாள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். பொறுமையாகப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நோயைச் சரியாகச் சொன்னாள். பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"சரி, இவருக்கு என்ன வைத்தியம்?"

"வால்வை மாத்தணும் சார். உடனே."

"எப்ப செஞ்சிருக்கணும்?"

அவள் சீட்டைப் புரட்டினாள். குரல் இறங்கியது. "மூணு வருஷத்துக்கு முன்னாடியே சார். இனிமேலும் தள்ளிப் போட்டா உயிருக்கு ஆபத்து."

"வெரி குட். முழு மார்க். அடுத்த ஆள் வாங்க."

சோபாக்காரருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சாகப்போகிறான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள், அதற்கு மார்க்கும் போடுகிறார்கள்! கட்டிலில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார்.

"என்னய்யா பண்றே? இன்னும் ஏழு பேர் இருக்காங்க."

"அந்தப் பொண்ணு சொன்னது சரின்னு மார்க் போட்டீங்கல்ல சார்? அதையே என் சீட்டுல எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க."

"எல்லாம் பரீட்சை முடிஞ்சதும் பார்க்கலாம்."

"மூணு பரீட்சை முடிஞ்சிடுச்சு சார். நீங்க இதுவரைக்கும் பார்க்கல."

வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்திருந்த டாக்டர் பேனாவை மூடிவிட்டு, பெரிய டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சீட்டை நீட்டினாள். பெரிய டாக்டர் முகம் கறுத்துப்போய், அடுத்த செவ்வாய்க்கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"போதுமா? சட்டையக் கழட்டு."

"ஆபரேஷன் தியேட்டர் சீலும் வேணும் சார். என் வீட்டுக்காரி போய் வாங்கிட்டு வரட்டும்."

மனைவி சீட்டோடு படியிறங்கி ஓடினாள். தியேட்டர் ஆபீஸில் பதிவுப் புத்தகத்தைத் திறக்கவைத்து, செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அவரைச் சேர்ப்பதைக் கூடவே நின்று கண்ணால் பார்த்தாள். அவள் சீலோடு திரும்பி வரும்வரை பரீட்சை நின்றது. மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். பெரிய டாக்டர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். இருபத்திரண்டு நிமிடம் அந்த நெஞ்சின் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை.