சூடாமணி ஓட்டிய ஆஸ்டின்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சுந்தரராமனுக்குக் கதை கட்ட வராது. பழைய கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் அளப்பார்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடியது, இந்த சீட்டில் இன்ன ஜமீன்தார் உட்கார்ந்தார் என்றெல்லாம். இவர் அந்த ஜாதியில்லை. பிளக்கில் கரி ஏறியிருந்தால் கரி ஏறியிருக்கிறது என்று மட்டும் சொல்வார். நடந்ததையும் அதே குரலில்தான் சொன்னார். அதனால்தான் கேட்டவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

அவர் வண்டி ஆஸ்டின் ஏ-40. வெளிர் பச்சை. ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மான் சாகேப்பிடமிருந்து வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மயிலாப்பூரில் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு அதற்கென்று ஒரு ஷெட். பிள்ளை குட்டி கிடையாது. இருந்தது அவர், மனைவி சூடாமணி, அந்த வண்டி. வண்டியைத் துடைப்பதும் கழற்றுவதும் மாட்டுவதும் அவர் வேலை. ஓட்டுவது மட்டும் அவள்.

ஆமாம், அவருக்கு ஓட்ட வராது. வாங்கிய புதிதில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார். கேட் தூணில் மோதினார். அதோடு சரி. சூடாமணிதான் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். மடிசாரில் ஒரு மாமி ஆஸ்டின் ஓட்டிக்கொண்டு லஸ் முனையில் திரும்பினால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பின் சீட்டில் முதலாளி மாதிரி சுந்தரராமன் உட்கார்ந்திருப்பார்.

அவரை முன்னால் உட்கார விடவே மாட்டாள். “முன்னாடி உக்காந்தா கிளட்ச் எடு, கியர் மாத்துன்னு தொணதொணத்துண்டே வருவேள். பின்னாடி ஏறுங்கோ” என்பாள். பக்கத்து சீட்டில் காய்கறிப் பை, குடை, கைப்பை என்று எதையாவது பரப்பி வைத்துவிடுவாள். வந்த விருந்தாளி நான்கு பேரானாலும் பின்னால்தான் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். கார் பிரியர்கள் கூடும் இடத்தில் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவரும் சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் சூடாமணி போய்விட்டாள். ஆஸ்பத்திரியில், கடைசியாக நினைவு இருந்தபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஏன்னா... வண்டியை வித்துடுங்கோ. ஆத்துல வெச்சுக்காதேங்கோ.”

அவ்வளவுதான். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

தனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். காரியமெல்லாம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு தன்னுடையது போலவே இருக்காதே, அப்படி முழு உடம்பும் இருந்தது என்றார்.

வண்டியை வாங்க கோபாலபுரத்திலிருந்து நிரஞ்சன் வந்தான். முப்பது வயதுப் பையன். புதிதாகக் கல்யாணம் ஆனவன், மனைவி பெயர் சிந்து. வண்டியை நன்றாக வைத்துக்கொள்வான் என்று பார்த்ததுமே தெரிந்தது. பானெட்டைத் திறக்குமுன் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒரு நல்ல நாள் பார்த்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அதுவரை வண்டி சும்மா நிற்கக் கூடாது. இந்த வயசு வண்டியை தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அதை சூடாமணிதான் செய்வாள். இப்போது அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் அதுதான் இரண்டாவது தடவை.

காலை ஐந்தே முக்கால். சோக்கை இழுத்தார். ஸ்டார்ட்டரை இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டிக்.

கண்ணைத் திறந்தார். இந்த வண்டிகளில் திரும்புவதற்கு விளக்கு சிமிட்டாது. கதவுத் தூணிலிருந்து சின்னதாக ஒரு மஞ்சள் கை எழும்பி நிற்கும். கைகாட்டி என்பார்கள். இடது பக்கத்துக் கைகாட்டி எழும்பியிருந்தது. அவர் சுவிட்சைத் தொடவேயில்லை.

வயரிங் கோளாறு என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கழற்றிப் பார்த்தார். கோளாறு இல்லை.

அதற்கு மறுநாள், இடது முன்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. ராத்திரி அவர்தான் சாத்திப் பூட்டியிருந்தார்.

அதற்கடுத்த நாள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டின் ஸ்பிரிங் முனகியது... யாராவது உட்கார்ந்தால் முனகுமே, அந்த மாதிரி.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மெத்தையில் லேசாக ஒரு குழி.

பயமா? இல்லை என்றார். பயப்படுவதற்கும் உள்ளே ஏதாவது உயிரோடு இருக்க வேண்டுமே.

அவர் இடது கை கியர் மேல் இருந்தது.

அதன் மேல் ஒரு கை வந்து படிந்தது.

ஜில்லென்று...

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பிடித்த கையும் இப்படித்தான் இருந்தது. அவள் போன பிறகு முதல் தடவையாக அவருக்கு மூச்சு முழுதாக வந்தது. “வந்துட்டியா?” என்றார். கை மட்டும் லேசாக அழுத்தியது. அவர் கால் தானாகக் கிளட்ச்சை மிதித்தது. முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வண்டி ஷெட்டை விட்டு ஒரு முழம் நகர்ந்தது.

அன்றைக்கே நிரஞ்சனுக்குப் போன் போட்டார்.

“வண்டியைக் குடுக்கலேப்பா. மன்னிச்சுக்கோ.”

“சார், ஏதாவது தப்பா பேசிட்டேனா?”

“இல்லே. ஆத்துக்காரி இன்னும் இதை விடலே.”

பாவம், அவன் என்ன நினைத்தானோ. கிழவருக்கு மனசு வரவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பான். பிரியர்கள் வட்டத்தில் இது சகஜம். கடைசி நிமிஷத்தில் பின்வாங்காத ஆளே கிடையாது.

அதற்குப் பிறகு தினமும் பாடம். ஷெட்டிலிருந்து கேட் வரை. கேட்டிலிருந்து தெருமுனை வரை. தப்பாக மிதித்தால் அந்தக் கை பொறுக்கும். சரியாகச் செய்தால் விலகாமல் அப்படியே இருக்கும். பேச்சு கிடையாது. அவரும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் காலை காபிக்கு முன்னால் சூடாமணி அதிகம் பேசமாட்டாள்.

ஒரு நாள் விடியற்காலையில் தெருவைத் தாண்டினார். சாந்தோம் தாண்டிக் கடலோரம் போனார். நொச்சிக்குப்பம் பக்கம் ரோட்டோரத்தில் அப்போதுதான் மீன் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒரு இருமல் இருமியது. ஓரம் கட்டி நிறுத்தி, கீழே இறங்கி பானெட்டைத் திறந்தார். மீன் விற்கும் ஒரு அம்மாள் கிட்டே வந்தாள். பெயர் புஷ்பம் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

“இன்னா சாமீ, வண்டி சோக்கா கீது! எந்தக் காலத்து வண்டி?”

“நான் பொறக்கறதுக்கு முந்தினது” என்றார்.

“அம்மா எறங்கலியா? உள்ளயே குந்திக்கினு கீறாங்க.”

சுந்தரராமனுக்கு ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. ஆக, தனக்கு மட்டும் இல்லை. வேறு ஒருத்தர் கண்ணுக்கும் தெரிகிறாள்!

“உனக்குத் தெரியறாளா?”

“இன்னா சாமீ கேக்கறே? பக்கத்து சீட்லதான கீறாங்க...”

“எப்படி இருக்கா? சிரிக்கறாளா?”

புஷ்பம் குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நிமிர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று போய்த் தன் மீன் தட்டுகளை ஒவ்வொன்றாகக் காரை விட்டுத் தள்ளி இழுத்து வைத்தாள்.

“நீ கெளம்பு சாமீ.”

“என்னம்மா ஆச்சு?”

“கெளம்பு. இங்க நிக்காத.”

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அதுகூட உறைக்கவில்லை. செத்தவளைப் பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். கை வந்து படிந்தது. வீடு வரைக்கும் விலகவில்லை.

அன்று மதியம் ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்ரீலக்ஷ்மி வந்தாள். சூடாமணியின் தங்கை. மாதம் ஒரு தடவை வந்து ரசப்பொடி, ஊறுகாய் எல்லாம் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே வரும்போதே கேட்டாள்.

“அத்திம்பேர், வண்டி இன்னும் போகலையா? டயர்ல மண்ணா இருக்கே? யார் எடுத்துண்டு போனா?”

“நான்தான்.”

“நீங்களா? ஓட்டறேளா?”

“ஆமா. உங்க அக்காதான் பக்கத்துல உக்காந்து கத்துக்குடுக்கறா” என்றார். ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கை வந்து படிவது, கைகாட்டி, மீன்காரம்மா எல்லாவற்றையும் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஸ்ரீலக்ஷ்மி கொண்டுவந்த பையைக் கீழே வைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அது அக்கா இல்லே அத்திம்பேர்.”

“என்ன சொல்றே?”

“அக்காவுக்கு அந்த வண்டியை ஓட்டவே பிடிக்காது. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. பக்கத்துல ஒண்ணு உக்காந்துண்டிருக்காம். இவ திரும்பி மூஞ்சியைப் பாக்கவே மாட்டாளாம். கியர் மாத்தறச்சே கை மேல கையை வெக்குமாம்...”

சுந்தரராமன் ஷெட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அதான் அந்த சீட்டுல உங்களை உக்கார விடலே. யாரையுமே உக்கார விடலே.”

“எங்கிட்ட ஏன் சொல்லலே?”

“வித்துடலாம்னு ரெண்டு தடவை கேட்டாளே, ஞாபகம் இருக்கா? அப்போ வாரக்கணக்கா நீங்க சரியா சாப்பிடலே. உங்க உசிரே அந்த வண்டியிலதானே இருந்தது. சரி, நானே ஓட்டிண்டு போறேன், நான் இருக்கறவரைக்கும் அது அவர் பக்கத்துல வராதுன்னு சொன்னா.”

பல வருஷம். பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறாள். அவர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“அது பேசுமா?”

ஸ்ரீலக்ஷ்மி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேக்குமாம். வண்டியை எடுக்கறச்சே எல்லாம் அதே கேள்விதானாம்.”

“என்ன?”

“‘அவர் எப்போ ஓட்டுவார்?’”

தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனான்.

சுந்தரராமனுக்கு அப்போதாவது உடம்பு நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. அவர் கேட்டது வேறு ஒன்று.

“அப்போ... சூடாமணி ஒரு நாள்கூட வரலையா?”

ஸ்ரீலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை.

ஒரு வாரம் ஷெட் பக்கம் போகாமல் இருந்தார். கனகராஜைப் போனில் கூப்பிட்டு விசாரித்தார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர். “ஒரு நட்டுகூட வீணாகாது சார். கதவு ஒருத்தருக்கு, சீட்டு ஒருத்தருக்கு, கியர் பெட்டி இன்னொருத்தருக்கு. இந்த மாடலுக்கு ஆளுங்க க்யூவுல நிக்கிறாங்க. உங்க வண்டி சாகவே சாகாது” என்றார். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். சுந்தரராமன் வேண்டாம் என்று போனை வைத்தார்.

விஷயம் தெரியாமல் நிரஞ்சன் மறுபடி வந்தான். இந்தத் தடவை சிந்துவையும் அழைத்து வந்திருந்தான். அவள் நேராக ஷெட்டுக்குப் போய் இடது முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். “நான் இங்க உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அங்கிள்?”

“கையை எடும்மா!”

அவர் அந்த மாதிரிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவள் பயந்து விலகிவிட்டாள். இருவரையும் உள்ளே உட்கார வைத்துக் காபி கொடுத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பிளக்கில் கரி ஏறியிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

கடைசியில் நிரஞ்சன் கேட்டான்.

“யாருக்கும் குடுக்க முடியாது, சரி சார். நீங்க ஸ்டார்ட் பண்ணாம விட்டுடலாம்ல? துருப்பிடிச்சு அது பாட்டுக்குக் கிடக்கட்டும். ஆனா இன்னிக்குக் காலைலகூட வண்டி எடுத்த மாதிரி இருக்கே? பானெட் சூடா இருந்துச்சு.”

சுந்தரராமன் காபி டம்ளர்களை எடுத்துத் தட்டில் வைத்தார்.

“உனக்கு சிந்து இருக்கா. எனக்கு அது ஒண்ணுதானேப்பா வரது” என்றார்.

பிறகு டம்ளர்களைக் கழுவ உள்ளே போனார்.