கதவுக்கு வெளியே போட்ட பெஞ்ச்

ஒரகடத்தில் ஷூ வாங்க யாரும் தனியாக வரமாட்டார்கள். இது எனக்குத் தெரியும், எங்கள் கடையில் வேலை பார்த்த அக்காவுக்குத் தெரியும், பக்கத்து பிரியாணிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாதது ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும்தான். ஆனால் கடையை நடத்தியது அதுதான்.

நான் அப்போது அங்கே மேனேஜர். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு செருப்புக் கம்பெனியின் சின்னக் கிளை அது. விற்பதற்கு அக்கா, பில் போட ஒருவர், இரண்டு பேரையும் மேய்க்க நான். காலையில் ஷட்டரைத் தூக்குவதும் நான்தான். லாரிகள் கிளப்பிவிட்ட செம்மண் தூசியைக் கண்ணாடிக் கதவிலிருந்து துடைப்பதும் நான்தான்.

அக்கா வடக்குப்பட்டிலிருந்து வருவார். எங்களிடம் சேர்வதற்கு முன்னால் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் அசெம்பிளி லைனில் நின்றவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். "தூங்கவும் முடியாது, முழிச்சினு இருக்கவும் முடியாது சார். சாப்ட்டா வாந்தி வரும். வூட்ல பேசுனாலே எரிஞ்சு எரிஞ்சு வுழுவேன்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார். சம்பளம் அங்கே கூடுதல்தானே என்று கேட்டேன். "ஷிப்ட் இல்லாத வேலை வோணும் சார். வேற ஒண்ணியும் வேணாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டேப்லெட் வந்தது. கூடவே கதவுக்கு மேலே பொருத்த ஒரு கேமரா. உள்ளே நுழைகிற தலைகளைக் கேமரா எண்ணும். எத்தனை பில் போட்டோம் என்பது கம்ப்யூட்டரில் இருக்கும். சாஃப்ட்வேர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கண்டுபிடித்து டேப்லெட்டில் வண்ணம் போட்டுக் காட்டும். இதற்கு கன்வர்ஷன் என்று பெயர். நன்றாக இருந்தால் பச்சை. மோசமென்றால் சிவப்பு. எங்கள் கடை முதல் நாளிலிருந்தே சிவப்பு.

காரணம் சொல்ல ஒரு கமிட்டி வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நின்று பார்த்தால் போதும். இங்கே ஃபேக்டரிகளில் வேலை பார்த்துக்கொண்டு ஒரே ரூமில் தங்கியிருக்கும் ஆறு பேர் சேர்ந்து வருவார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். ஷூ வேண்டியது ஒருவனுக்கு. மற்ற ஐந்து பேரும் அபிப்பிராயம் சொல்ல வந்தவர்கள். "ஏலே, இத போட்டுட்டு ஊருக்குப் போனா ஒங்கம்மையே அடையாளம் தெரியாம வெளிய நிறுத்திருவா" என்பான் ஒருவன். "நல்லாத்தாம்ல இருக்கு, எடு" என்பான் இன்னொருவன். ஓட்டெடுப்பு முடிந்துதான் பில். கேமரா கணக்கில் ஆறு பேர் வந்து ஒருவர்தான் வாங்கியிருக்கிறார். எங்களுக்கு டீ கொண்டுவரும் அண்ணன் ஒருநாளைக்கு நான்கு முறை உள்ளே வந்து போவார். டேப்லெட்டைப் பொறுத்தவரை அவரைப்போல கல்நெஞ்சக்கார வாடிக்கையாளர் வேறு யாருமில்லை.

திங்கட்கிழமைதோறும் ரீஜனல் மேனேஜர் வீடியோவில் வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"சார், நூறு பேர் உள்ள வர்றாங்க, அதுல எண்பது பேர் வெறுங்கையோட போறாங்க. என்ன சார் பண்றீங்க?"

"அவங்க வாங்க வரல சார். கூட வந்தவங்க."

"டேட்டால அப்படி இல்லையே சார்."

தலையாட்டினேன். இரண்டு மாதம் தலையாட்டிய பிறகு அவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். அடுத்த மாதமும் சிவப்பாக இருந்தால் அக்காவை எடுத்துவிட்டு வேறு ஆள் போடச் சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு டேப்லெட்டைத் தூக்கி சர்வீஸ் ரோட்டில் போட்டிருப்பேன். கம்பெனிப் பொருள் என்பதால் விட்டேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. பாவம், சொன்னால் அன்றைக்கே அவருக்குத் தூக்கம் போய்விடும். நானே சரிசெய்து காட்டுகிறேன் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

மறுநாள் பிரியாணிக் கடையில் ஓரமாகக் கிடந்த ஒரு நீள பெஞ்சைக் கேட்டு வாங்கி, எங்கள் கதவுக்கு வெளியே போட்டேன். மேலே தார்ப்பாய் கட்டி, ஒரு டேபிள் ஃபேனும் வைத்தேன். வாங்குகிறவர் மட்டும் உள்ளே வரலாம். கூட வந்தவர்கள் பெஞ்சில் உட்காரலாம். டீக்கார அண்ணனும் இனிமேல் வாசலோடு சரி.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா சார் இது? கூட வந்தவங்கள வெளில குந்த வெச்சா அவன் ஒண்டியா எப்டி சார் முடிவு பண்ணுவான்? ஒருத்தன் ஷூ எடுத்தா, கூட கீறவன்ல ரெண்டு பேரு அதே பில்லுல செருப்பு எடுப்பான். நான் வித்ததெல்லாம் அப்டி வித்ததுதான்."

"சொன்னதை மட்டும் செய்யிங்கக்கா. நல்ல பேர் வாங்கணும்னா இப்படித்தான்" என்று எரிந்து விழுந்தேன். யாருக்கு நல்ல பேர் என்று சொல்லவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டுமே! வாங்குகிறவன் உள்ளே ஒரு காலைத் தூக்கிக் கண்ணாடிக் கதவுக்கு நேராகக் காட்டுவான். வெளியே ஐந்து பேர் டீ கிளாசோடு எழுந்து நின்று கையாலேயே வேண்டாம் என்பார்கள். அவன் அடுத்த ஜோடியை மாட்டுவான். பெஞ்சில் இருந்த ஒருவன் உள்ளே இருந்தவனுக்கே செல்போனில் வீடியோ கால் போட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கண்ணாடிக் கதவு மட்டுமே.

சாஃப்ட்வேர் மயங்கிவிட்டது. முதல் வாரம் மஞ்சள், மூன்றாவது வாரம் பச்சை. செருப்பு விற்பனை அக்கா சொன்னபடியே இறங்கியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரீஜனல் மேனேஜர் எல்லாக் கிளை மேனேஜர்களும் இருக்கிற குரூப்பில் என் படத்தைப் போட்டுக் கைதட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. அக்கா தப்பித்தார் என்று அன்று மாலை எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினேன். எதற்கு என்று அக்கா கேட்டார். சும்மாதான் என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ரீஜனல் மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"சூப்பர் சார். ஒரே ஒரு விஷயம். உங்க கடைக்குள்ள வர்ற ஆட்களே இப்ப ரொம்பக் குறைஞ்சிட்டாங்க. இத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப் வேணும்னு சாஃப்ட்வேரே சொல்லும். உங்களுக்கு ரெண்டு போதும்னு வந்திருக்கு. நீங்க, பில்லிங். சேல்ஸ் போஸ்ட்டையே எடுத்துட்டாங்க."

பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். தார்ப்பாய், ஃபேன், டீ எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்கள் குறையவில்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கெஞ்சினேன்.

"சார், இதை என்கிட்ட சொன்னதோட விட்டுடுங்க. ரிப்போர்ட் மேல போயிடுச்சு. பெஞ்சை எடுத்தா திரும்ப சிவப்பு வரும். அப்பவும் அவங்களத்தான் எடுக்கச் சொல்வாங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பழையபடி இருந்திருந்தால் அக்கா இடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பார். நான் மூளையைப் பயன்படுத்தியதில் அந்த இடமே போய்விட்டது.

சேல்ஸ் போஸ்ட்டை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அழவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு பழைய கம்பெனிக்கு அங்கேயே ஃபோன் போட்டார். பேசி முடித்துவிட்டு என்னிடம், "வரச் சொல்லிட்டாங்க சார். மொத வாரமே நைட்டு" என்றார்.

வேலையை விடும் ஃபாரத்தை டேப்லெட்டில்தான் நிரப்பவேண்டும். காரணம் என்ற இடத்தில் என் விரல் நின்றது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"நானா நிக்கிறதா போடுங்க சார். உங்க மேல எதுவும் வராது."

போட்டேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்காச்சும் நல்ல பேரு கெடச்சிச்சே சார். அதுக்குத்தானே அம்மாம் பாடுபட்டீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.

"ஆமாக்கா" என்றேன்.