பனையேறிக் கெண்டைக்கு ஒரு மூடி

அன்று காலை வகுப்பில் நான் இருந்தேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள், மூலையில் ஒரு மண்பானைக்குள் இரண்டு பனையேறிக் கெண்டைகள் இருந்தன. வர வேண்டிய பள்ளி இன்ஸ்பெக்டர் மட்டும் வரவில்லை.

முடிச்சூரில் எனக்கு அது தற்காலிக வேலை. பாடத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் அடுத்த வருடம் நான் இருப்பதும் போவதும். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அப்பா தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இன்னாடா, பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?” அதற்குப் பயந்தே விடியும் முன் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

உயிர்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப எப்படித் தங்களை அமைத்துக்கொள்கின்றன என்பது பாடம். கள்ளியின் முள்ளையும் அல்லியின் அகல இலையையும் முடித்துவிட்டு, ஏரி வற்றினால் கரையேறி நடந்துபோகும் மீனுக்கு வந்திருந்தேன். தண்ணீர் இல்லாமல் எப்படித் தாங்குகிறது? ஒட்டகம் மாதிரி உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று நானாகவே நினைத்து, அப்படியே சொல்லியும் கொடுத்திருந்தேன்.

அதனால்தான் பிள்ளைகள் பானையில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்கள். “நல்லா குடிச்சிக்கட்டும் சார்.” பானை விளிம்புவரை தளும்பியது. ஏறி ஓடிவிடுமோ என்று ஒரு பெண் தன் சிலேட்டை மூடியாக வைத்தாள். நான் அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன்.

பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், கேட்டுக்குப் போனேன், பலகையில் எழுதியதை அழித்து மறுபடி எழுதினேன். தாம்பரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“சும்மா குந்து சார், வர்றப்போ வருவாரு,” என்றான் முன்வரிசைப் பையன். வகுப்பே சிரித்தது.

மதியமணி அடித்த பிறகு சிலேட்டுக்காரி பானையில் காதை வைத்தாள். “சார், சத்தமே இல்ல சார்.”

செங்கல்லை எடுத்த அவசரத்தில் சிலேட்டு நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. பெரிய மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. சின்னது மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போனது. உடனே திரும்ப வந்து இன்னொரு வாய் விழுங்கியது.

“தண்ணிலயே கெடந்து செத்துப்போச்சே. மீனு கூட முழுகிப் போவுமா சார்?”

சின்னது மறுபடி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “இதுக்குக் காத்து வேணும்டா,” என்றேன் மெல்ல. “கரையில தாங்குறதே காத்தை இழுக்குறதாலதான். நாமதான் வழிய அடைச்சிட்டோம். ஒட்டகம்னு நான் சொன்னது தப்பு.”

நிமிர்ந்தால் வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் தலைமையாசிரியை, முகம் வெளுத்துப்போய்.

“இது முன்னாடியே உங்களுக்குத் தெரியாதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார். இப்பதான்.”

“பிள்ளைங்களுக்கு?”

“அவங்களுக்கும் இப்பதான் சார். ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.”

அவர் நாற்காலியில் அமர்ந்தார். நடப்பதைக் காட்டச் சின்ன மீனை ஈரத்தரையில் விட்டேன். அசையவில்லை. “நட, நட,” என்று பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். திடீரென்று அது செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, நேராக அவர் காலடிக்கே போனது. அவர் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டார். வகுப்பு அடக்க மாட்டாமல் சிரித்தது. அவர் சிரித்தாரா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் எல்லோருமாகப் போய்ச் சின்னதை ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரில் விட்டோம். “இனிமே செடி கொடியோட நிறுத்திக்குங்க தம்பி,” என்றார் தலைமையாசிரியை.

கோடை விடுமுறை முழுவதும் தபால்காரரின் சைக்கிள் மணிக்கெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் உத்தரவு வந்தது: இன்னும் ஒரு வருடம், தற்காலிகமாகவே.

“அப்போ அடுத்த வருசமும் மீனு புடிக்கணுமா?” என்றார் அப்பா.

பள்ளி திறந்த அன்று சிலேட்டுக்காரிக்குப் புதுச் சிலேட்டு வாங்கிப் போனேன். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை, தண்ணீர் ஊற்றியது எல்லோரும்தானே என்று காசு சேர்த்து என் மேசையில் வைத்தார்கள். எங்கள் எல்லோருக்குமாக ஆன மொத்தச் செலவு: நாற்பது பைசாவும் ஒரு மீனும்.